பெத்தோங் வழியாக ஆல்ப்ஸ்

1985 ஜூன் 14. லக்சம்பர்க் நாட்டின் தென்கிழக்குக் கோடியில் மோசெல் ஆற்றங்கரையில் இருக்கிறது ஷெங்கன் என்ற சின்னக் கிராமம். அன்று அங்கே ஆற்றில் நின்ற ஒரு பயணக் கப்பலில் பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஐந்து நாடுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். தங்களுக்கு இடையிலான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக எடுத்துவிடுவதென்று கையெழுத்திட்டார்கள். இன்றைக்கு அந்தக் கிராமத்தில் மோட்டாரைக் கிளப்பிப் பாலத்தைத் தாண்டினால் ஜெர்மனி. கரையோரமாகச் சற்றுத் தெற்கே போனால் பிரான்ஸ்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 9 அன்று கோலாலம்பூரில் இன்னொரு கையெழுத்து விழுந்தது. ஆசியான் நாடுகள் ஒன்று மற்றொன்றின் ஓட்டுநர் உரிமத்தை ஏற்றுக்கொள்ளும் ஒப்பந்தம் அது. ஷெங்கன் அளவுக்கு அது பேசப்பட்டதில்லை. ஆனால் தஞ்சோங் ரம்புத்தானில் கப்சாய் என்ற சிறு மோட்டார் வைத்திருக்கும் இளைஞர், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே கொடுத்த அதே லைசென்ஸோடு தாய்லாந்துக்குள் ஓட்டிப் போக முடிவது அந்தக் கையெழுத்தால்தான்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்கு வடகிழக்கே, கிந்தா ஆறு மலையை விட்டு இறங்கும் இடத்தில் இருக்கிறது தஞ்சோங் ரம்புத்தான். ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர். 1911-இல் தொடங்கப்பட்ட உலு கிந்தா மனநல மருத்துவமனையை வைத்தே நாட்டில் பலருக்கு அந்த ஊரைத் தெரியும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது நியாயமாகப் படுவதில்லை. சுற்றிலும் இருந்த தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் ஈப்போவிலும் தாசேக் தொழிற்பேட்டையிலும் வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்கு ஒரு மோட்டாராவது நிற்கிறது. அப்பாவுக்கு ஹோண்டா இஎக்ஸ்5, மகனுக்கு யமாஹா 135 என்பது சர்வசாதாரணம். சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் மேசையைச் சுற்றி உட்காரும் இளைஞர்களின் கைப்பேசித் திரையில் ஓடுவது பெரும்பாலும் ஒரே காட்சி: பனி மூடிய மலை, ரிப்பன் மாதிரி சுருண்டு இறங்கும் சாலை, அதில் சாய்ந்து திரும்பும் ஒரு பெரிய மோட்டார். ஆல்ப்ஸ். ஒரு வாரம் லீவு, நாலைந்து நாடு. போக முடியுமா?

முடியும். ஆனால் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். மியூனிக்கிலோ மிலானிலோ பெரிய மோட்டார் ஒன்றை வாடகைக்கு எடுத்தால் நாளொன்றுக்குப் பெரும்பாலும் நூறு யூரோவைத் தாண்டும். மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மூன்று, நான்கு நாள் வாடகையிலேயே அந்த ஒரு மாதச் சம்பளம் கரைந்துவிடும். விமானச் சீட்டு, தங்குமிடம், கடன் அட்டையில் முடக்கி வைக்கும் முன்பணம் எல்லாம் அதற்கு மேல். இவ்வளவு காசைக் கொட்டிப் போகிற பயணத்தில் எல்லைச் சாவடியையும் காப்புறுதித் தாளையும் அங்கே நின்றுதான் முதன்முதலாகக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

குறுகிய பயணத்துக்குத்தான் திட்டம் அதிகம் தேவை. மூன்று மாதம் சுற்றுகிறவர் ஒரு தாள் குறைந்தால் இரண்டு நாள் காத்திருந்து வாங்கிக்கொள்வார். ஐந்து நாள் லீவில் வந்தவருக்கு அந்த இரண்டு நாள்தான் பயணமே. அதனால் ஆல்ப்ஸுக்கு ஆசைப்படும் ரம்புத்தான்காரர், முதலில் தன் வீட்டு வாசலிலிருந்து வடக்கே புறப்படும் ஒரு சுற்றைத் திட்டமிட்டு ஓட்டிப் பார்ப்பது நல்லது. தஞ்சோங் ரம்புத்தான், தாய்லாந்தின் பெத்தோங், மலேசியாவுக்குத் திரும்பிக் கெடாவின் பாலிங், மீண்டும் தாய்லாந்தில் ஹாட்யாய், திரும்பவும் ஊர். ஏறத்தாழ 750 கிலோமீட்டர். நாடு இரண்டுதான். எல்லையை மட்டும் நான்கு முறை கடக்க வேண்டும்.

பெரிய மோட்டார் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. ஈப்போவில் ஆசிரியர் பயிற்சிக் கழக விரிவுரையாளராக இருந்த அனிதா யூசோஃப், 2015–16-இல் தனியாக உலகைச் சுற்றி வந்தது 150 சி.சி. யமாஹா ஒன்றில்தான். பெத்தோங்குக்கு இஎக்ஸ்5 தாராளம். எண்ணெய்த் தாங்கி சிறியது என்பதால் எங்கே எண்ணெய் ஊற்றுவது என்பதை மட்டும் முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்.

பயணத்துக்கு ஒரு சரடு வேண்டும். அது இல்லாவிட்டால் பெத்தோங்கில் கோழிச்சோறு, ஹாட்யாயில் கடைவீதி என்று முடிந்துவிடும். அவையும் நல்லவைதான். ஆனால் இந்தச் சாலைக்கு அதைவிடப் பெரிய கதை இருக்கிறது. அது பேராக் தோட்டத் தமிழர்களின் வாழ்வைப் புரட்டிப்போட்ட கதை. அதைப் பிடித்துக்கொண்டால் எங்கே நிற்பது, எதை விடுவது என்ற கேள்விகளுக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும்.

ஊரை விட்டுக் கிளம்பி அரை மணிக்குள் சுங்கை சிப்புட் வந்துவிடுகிறது. 1948 ஜூன் 16 காலையில் இந்த ஊரைச் சுற்றியிருந்த தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எல்ஃபில் தோட்டத்தைச் சேர்ந்தவர். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது மலாயாக் கூட்டரசு முழுவதற்கும் விரிந்தது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் எப்படி இருந்தன என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுக் கிளம்பினால் இந்தச் சாலை வேறு மாதிரித் தெரியும். முள்வேலிக்குள் லயங்கள், ஊரடங்கு, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று அரிசிக்கு அளவு, பால் வெட்டப் போகும்போது சோதனை. தொழிற்சங்கங்கள் நொறுங்கிய காலமும் அதுதான். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பின்னாளில் அமைச்சரான வீ. தி. சம்பந்தன் பிறந்ததும் இதே சுங்கை சிப்புட்டில். ஆயுதம், தேர்தல் என்று ஒரே ஊரின் மண்ணில் இரண்டு அரசியல் பாதைகள். அங்கே ஒரு தேநீர் குடிக்க நிறுத்துவது நேர விரயமாகாது.

கோலகங்சாரில் பலரும் மசூதியைப் பார்க்கிறார்கள், அரண்மனையைப் பார்க்கிறார்கள். மாவட்ட அலுவலகம் பக்கத்தில் நிற்கும் பழைய ரப்பர் மரத்தைப் பார்ப்பவர் குறைவு. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் சில இங்கே கொண்டுவந்து நடப்பட்டன. அந்த வழியில் வந்த மரம் என்று அதற்குக் கம்பி வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் கித்தாத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்ததற்கும், அந்த மரத்தை நம்பி மூன்று தலைமுறை வாழ்ந்ததற்கும் தொடக்கம் அதுதான். மோட்டாரை நிறுத்தாமல் போவது சரியல்ல.

அங்கிருந்து கிரிக் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்தச் சுற்றிலேயே ஓட்டுவதற்கு இனிமையான பகுதி இதுதான். 1930-இல் செண்டேரோ அணை கட்டியதால் உண்டான நீர்ப்பரப்பை ஒட்டி, ராபான் ஏரி என்று சொல்லும் இடத்தில் சாலை வளைந்து போகிறது. ஆற்றுமீன் சமைக்கும் கடைகள் உண்டு. லெங்கோங் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2012-இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. பத்தாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட, 'பேராக் மனிதன்' என்று பெயர் பெற்ற எலும்புக்கூடு கிடைத்தது இந்தப் பள்ளத்தாக்கின் குகையில்தான். கிரிக்கில் சாலை பிரிகிறது. வலப்பக்கம் போனால் கிளந்தான் போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. இருட்டிய பிறகு யானைகள் சாலைக்கு வரும் வழி அது. நேரே வடக்கே போனால் பெங்காலான் ஹூலு. பழைய தலைமுறைக்கு அது குரோ.

பெங்காலான் ஹூலுவில்தான் தாள் வேலை தொடங்குகிறது. பலர் பயணத்தின் பாதியை இழப்பது இந்தக் கட்டத்தில்.

கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். மோட்டாருக்கும் கடப்பிதழ் மாதிரி ஒன்று உண்டு என்பதுதான் மறந்துபோகும். அதுதான் கிரான், வாகனத்தின் உரிமைச் சான்று. அது ஓட்டுபவர் பெயரிலேயே இருந்தால் பிரச்சினை இல்லை. அப்பாவின் பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அவர்களிடமிருந்து எழுத்தில் ஒப்புதல் வேண்டும். கடனில் வாங்கிய மோட்டார் என்றால் வங்கியிடமோ கடன் கொடுத்த நிறுவனத்திடமோ அனுமதிக் கடிதம் கேட்டு வாங்க வேண்டும். இதற்கு நாளாகும். லீவு எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவதுதான் சரி. 2023 முதல் மலேசியாவில் சாலை வரியும் லைசென்ஸும் கைப்பேசிச் செயலிக்குள் போய்விட்டன. ஊருக்குள் அது போதும். எல்லைக்கு அப்பால் ஒரு மலைச்சாலையில் காவலர் நிறுத்தும்போது கைப்பேசியில் மின்சாரம் இல்லாவிட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. லைசென்ஸ் அட்டையும், மற்றவற்றுக்கு அச்சிட்ட நகல்களும் தேவை.

தாய்லாந்து 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டையைக் கட்டாயமாக்கியது. வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு நுழைவுக்கும் தனித்தனியாக. இந்தச் சுற்றில் தாய்லாந்துக்குள் இரண்டு முறை போகிறோம் என்பதால் இரண்டு முறை நிரப்ப வேண்டும். வாகனத்துக்கும் அதில் வருபவர்களுக்கும் குடிநுழைவுத் துறையின் படிவங்கள் வேறு. எல்லைக்கு முன்னால் இருக்கும் சிறு கடைகளில் சில ரிங்கிட்டுக்குத் தட்டச்சு செய்து தருவார்கள். உள்ளே போனதும் தாய்லாந்துச் சுங்கம் மோட்டாரைத் தற்காலிகமாக நாட்டுக்குள் விட்டதாக ஒரு தாள் கொடுக்கும். திரும்பும்போது அதைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் மோட்டாரை அங்கேயே விற்றுவிட்டதாகக் கணக்காகி அபராதம் வரும். மழைச்சட்டைப் பையில் கசங்கக் கூடிய தாள் இல்லை அது. நெகிழி உறையில் போட்டு இருக்கைக்கு அடியில் வைப்பது உத்தமம்.

காப்புறுதியைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். மலேசிய மோட்டார் காப்புறுதி வழக்கமாக மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றுக்குத்தான் செல்லும். தாய்லாந்துக்குள் கால் வைத்த நொடியில் அந்தத் தாள் வெறும் தாள். அந்த நாட்டின் கட்டாயக் காப்புறுதியை எல்லைக் கடைகளிலேயே வாங்கலாம், விலையும் குறைவு. ஆனால் அது உயிருக்கும் உடலுக்கும் நேரும் சேதத்துக்கான அடிப்படைத் தொகை மட்டுமே தரும். மோட்டாருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே தனியாக ஒரு பயணக் காப்புறுதி எடுக்க வேண்டும். அதில் மோட்டார் ஓட்டும்போது நேரும் விபத்து சேர்ந்திருக்கிறதா என்று சின்ன எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும். பல காப்புறுதிகள் குறிப்பிட்ட சி.சி.க்கு மேல் போனால் கையை விரித்துவிடும். கையில் காசில்லாமல் அயல்நாட்டு மருத்துவமனையில் படுப்பதைவிடக் கொடியது ஒன்று பயணத்தில் இல்லை.

தாய்லாந்து நேரம் மலேசியாவுக்கு ஒரு மணி பின்னால். பெத்தோங் எல்லை இரவில் மூடிவிடும். ஆகவே எந்த நாட்டு மணியில் மூடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு, மதியத்துக்குள் சாவடியைத் தாண்டிவிடுகிற மாதிரி விடியற்காலையில் ஊரை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். வீட்டிலிருந்து பெத்தோங் இருநூறு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. அதற்குள் அடக்குவதுதான் முதல் நாளுக்கு அழகு.

பெத்தோங் தாய்லாந்தின் தென்கோடி மாவட்டம். மலைகளுக்கு நடுவே மணிக்கூண்டு, ராட்சதத் தபால் பெட்டி, தாய்லாந்தின் முதல் சாலைச் சுரங்கம் என்று எல்லாம் நடந்தே பார்க்கும் தூரத்தில். விடியற்காலையில் ஐயர்வெங் மலையின் கண்ணாடி நடைபாதைக்குப் போனால் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிற்கும். சாலையோரம் முழுக்க ரப்பர் மரம். பால் வெட்டுகிற கையும் சிரட்டையும் பார்த்ததும், தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அந்நிய நாட்டுக்கு வந்த உணர்வு போய்விடும்.

சரடு தொடர்வது ஊருக்கு வெளியே உள்ள பியாமிட் சுரங்கத்தில். காட்டுக்குள் பின்வாங்கி எல்லை தாண்டிய மலாயாக் கம்யூனிஸ்டுகளில் ஒரு பிரிவினர் 1976-இல் குடைந்தது அது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். விமானத் தாக்குதலிலிருந்து ஒளிய, உணவு சேமிக்க. குனிந்துதான் நடக்க வேண்டும், பல இடங்களில் இருவர் பக்கம் பக்கமாகப் போக முடியாது. 1980-களின் இறுதியில் ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள் இந்த மலைகளிலேயே குடியேறிக் கிராமம் அமைத்துக்கொண்டார்கள். சுங்கை சிப்புட்டில் காலையில் தேநீர் குடித்துக் கிளம்பியவர், மறுநாள் இந்தச் சுரங்கத்தின் மண்சுவரைத் தொடும்போது நாற்பதாண்டுச் சரித்திரம் ஒரு சாலையில் கோத்துக் கிடப்பது கைக்குத் தட்டுப்படும். இரு தரப்பிலும் பேராக்காரர்கள் இருந்தார்கள். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் சின் பெங் பேராக்கின் சித்தியவானில் பிறந்தவர்.

பெத்தோங்கிலிருந்து ஹாட்யாய் போக நேர் வழி, யாலா நகர் வழியாகச் செல்லும் 410-ஆம் எண் சாலை. வளைவுகள் அருமை, காட்சிகள் அருமை. ஆனாலும் ஐயர்வெங்கைத் தாண்டி அதில் போக இந்தத் திட்டத்தில் இடமில்லை. 2004 முதல் யாலா, பட்டாணி, நராத்திவாட் பகுதிகளில் வன்முறை ஓயவில்லை. பல அரசுகள் தம் மக்களுக்கு அங்கே போக வேண்டாம் என்று அறிவுரை கொடுத்திருக்கின்றன. அப்படி அறிவுரை உள்ள இடத்தில் நடப்பதற்குக் காப்புறுதி பணம் தராமல் போகலாம். பெத்தோங்கும் யாலா மாநிலத்தில்தான் என்பதால், அங்கே தங்கும் நாளுக்கும் காப்புறுதி செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். போய்வந்தவர்கள் இருக்கலாம், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லலாம். வீட்டில் ஒருவர் சம்பாத்தியத்தை நம்பி நாலு பேர் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதாது. வந்த வழியே பெங்காலான் ஹூலு திரும்பி, கெடாவுக்குள் இறங்குவதே முறை.

அப்படித் திரும்புவதில் ஒரு லாபமும் இருக்கிறது. வழியில் பாலிங் வருகிறது. 1955 டிசம்பர் 28, 29-இல் மலாயா முதலமைச்சர் துங்கு அப்துல் ரஹ்மான், சிங்கப்பூர் முதலமைச்சர் டேவிட் மார்ஷல், மலாயாச் சீனர் சங்கத் தலைவர் டான் செங் லொக் மூவரும் சின் பெங்கை நேருக்கு நேர் சந்தித்துப் பேசியது இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். பேச்சு முறிந்தது. போர் தொடர்ந்தது. முறியாமல் இருந்திருந்தால் தோட்டங்களின் கதி எப்படி மாறியிருக்கும் என்று யோசிக்க, பாலிங்கின் சுண்ணாம்புக்கல் மலையடியில் மோட்டாரை நிறுத்தி உட்காருவது நல்ல இடம். அங்கிருந்து புக்கிட் காயு ஹீத்தாம், எல்லை, சாடாவ், அப்புறம் ஹாட்யாய். 1989 டிசம்பர் 2 அன்று மலேசியா, தாய்லாந்து அரசுகளும் மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது ஹாட்யாயின் ஒரு ஹோட்டலில். கடைவீதியின் இரைச்சலுக்கு நடுவே அதை நினைப்பவர் குறைவு. ரம்புத்தானிலிருந்து கிளம்பியவர் நினைத்தே ஆக வேண்டும்.

பேராக் தமிழர்களுக்கு இந்த எல்லையில் இன்னும் பழைய காயம் ஒன்றும் உண்டு. ஜப்பானியர் காலத்தில் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேரை ரயிலேற்றி சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவில்லை. அந்தப் பாதை இருந்த காஞ்சனபுரி இங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில். ஐந்து நாள் சுற்றில் அதையும் திணிப்பது இறந்தவர்களுக்கு மரியாதை ஆகாது. அதற்கென்றே ஒரு பயணம் வைத்துக்கொள்ள வேண்டும். லாவோஸையும் சேர்த்தால் மூன்று நாடாகுமே என்பவர்களுக்கும் இதே பதில். அது இன்னொரு விடுமுறை.

நாள் பார்ப்பதில் கவனம் தேவை. நவம்பரிலும் டிசம்பரிலும் வடகிழக்குப் பருவமழை ஹாட்யாயை மூழ்கடிப்பதுண்டு. 2010 நவம்பரில் மூழ்கியது, 2025 நவம்பரில் அதைவிட மோசமாக மூழ்கியது. அப்போது மலேசியப் பயணிகள் பலர் ஹோட்டல்களில் சிக்கிக்கொண்டார்கள். ஏப்ரல் நடுவில் சொங்கிரான். தெருவெங்கும் தண்ணீர் வீச்சு, குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள். இரண்டு சக்கரத்தில் இருப்பவர்களுக்கு உகந்த காலமில்லை. பிப்ரவரியும் மார்ச்சும் நல்லவை. கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. வியாழன் மாலை புக்கிட் காயு ஹீத்தாமில் வரிசை நீளும். பேராக்காரர்கள் திங்கள், செவ்வாயில் கடப்பதுபோல நாளை நகர்த்திக்கொண்டால் சாவடியில் ஒரு மணி மிச்சம். எண்ணெயிலும் அதே கவனம் தேவை. தாய்லாந்தில் 91, 95 என்று இருப்பவை பெரும்பாலும் எத்தனால் கலந்தவை. இ20, இ85 என்ற குழாய்களைப் பழைய கார்புரேட்டர் மோட்டார்க்காரர்கள் தொடவே கூடாது.

இனி ஐரோப்பா.

மியூனிக்கில் மோட்டாரை எடுக்கலாம். கார்மிஷ் வழியாக ஆஸ்திரியாவின் டிரோலுக்குள் நுழைந்து, ஃபெர்ன் கணவாய், லாண்டெக், பிறகு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயர ரெஷென் கணவாயில் இத்தாலி. பிராட் என்ற ஊரிலிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் 2,757 மீட்டரில் ஸ்டெல்வியோ. மறுபக்கம் சற்று இறங்கி உம்ப்ரைல் கணவாயில் திரும்பினால் சுவிட்சர்லாந்து. ஓஃபன், ஃப்ளூவெலா கணவாய்கள், டாவோஸ், லிக்டென்ஸ்டைனின் வாடுஸ், திரும்பவும் ஆஸ்திரியாவின் ஓரம், ஏரிக்கரையில் லிண்டாவ், மியூனிக். ஐந்து நாடு. தூரம் எவ்வளவு? ஏறத்தாழ 700 கிலோமீட்டர். ரம்புத்தான், பெத்தோங், ஹாட்யாய் சுற்றின் நீளம்தான்.

ஒரே நாளில்கூட ஓட்டிவிடலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். அதை நம்பக் கூடாது. கணவாய்ச் சாலையில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் சராசரி வந்தாலே பெரிது. அதுவும் இங்கே இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். களைத்துப்போன மூளை, வளைவு முடிந்ததும் பழைய பக்கத்துக்கே தாவும். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர், அதற்கு மேல் வேண்டாம். ஐந்து நாளுக்குச் சரியாக இருக்கும்.

இங்கேயும் ஒரு சரடு இருக்கிறது. ஸ்டெல்வியோ சாலையை 1820-களில் கட்டியது ஆஸ்திரியப் பேரரசு, தன் வசமிருந்த லோம்பார்டியை டிரோலோடு இணைக்க. 1915 முதல் 1918 வரை அந்தக் கணவாயே இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர்முனை. பனிமலை உச்சியில் பதுங்குகுழி வெட்டிச் சண்டையிட்டார்கள். ரெஷென் ஏரிக்குள் ஒரு தேவாலய மணிக்கூண்டு மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. 1950-இல் அணைக்காக கிராவ்ன் கிராமத்தையே மூழ்கடித்ததில் மிஞ்சியது அது. செண்டேரோ நீர்ப்பரப்பை ஒட்டி ஓட்டி வந்தவருக்கும், பியாமிட் சுரங்கத்துக்குள் குனிந்து நடந்தவருக்கும் இந்த இடங்கள் படம் எடுத்துவிட்டுப் போகிற இடங்களாக இருக்காது.

தாள் வேலை அங்கே குறைவு. மலேசியக் கடப்பிதழுக்கு ஷெங்கன் பகுதியில் விசா வேண்டாம். 180 நாளில் 90 நாள் தங்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகமும் பதிவு செய்யும் புதிய முறை தொடங்கியிருப்பதால் விமான நிலையத்தில் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். உள்ளே எல்லைகள் திறந்தே இருக்கும், ஆனால் 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் நில எல்லைகள் அனைத்திலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. கடப்பிதழை ஹோட்டல் அறையில் வைத்துவிட்டு வரக் கூடாது. வாடகை மோட்டாரின் காப்புறுதி எந்தெந்த நாட்டுக்குச் செல்லும் என்பதை ஒப்பந்தத்திலேயே பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். பெத்தோங் எல்லைக் கடையில் கற்ற பாடம் அங்கே உதவும்.

நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மோட்டாருக்குக் கட்டணம் இல்லை என்பதே பலருக்கு ஐரோப்பாவில் வைத்துத்தான் உறைக்கும். ஆஸ்திரிய விரைவுச்சாலைக்குக் குறுகிய கால வில்லை வாங்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஆண்டு வில்லை மட்டுமே உண்டு, 40 பிராங்க். ஒரு நாள் ஓட்டினாலும் அதே விலை. விரைவுச்சாலையை விட்டுக் கணவாய்ச் சாலைகளிலேயே போனால் இரண்டும் வேண்டாம், அழகும் அங்கேதான். கார்களுக்கு நடுவே புகுந்து முன்னால் போவது நமக்குச் சாதாரணம். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் அதற்கு அபராதம். அதிரும் சைலன்ஸர் பிடித்தவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்: டிரோலின் ராய்ட்டே மாவட்டத்தில் 2020 முதல் கோடைக்காலத்தில் சில சாலைகளில், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் போடுவதாகப் பதிவான மோட்டார்களுக்கு இடமில்லை. மலைக்கிராமத்து மக்கள் கேட்டு வாங்கிய அமைதி அது, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

ஸ்டெல்வியோ வழக்கமாக மே கடைசியிலோ ஜூனிலோ பனி நீக்கித் திறக்கும், இலையுதிர்காலத்தில் மூடும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூட்டம். செப்டம்பர் முதல் பாதி சிறந்தது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எல்லாம் தெளிவாகிவிடும். வாடகை மோட்டார் ஆறு மாதம் முன்னால். விமானச் சீட்டும் அப்போதே. அனைத்துலக ஓட்டுநர் அனுமதி ஓராண்டுதான் செல்லும் என்பதால் அது கடைசி மாதத்தில். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. ரம்புத்தான் இளைஞர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது பி2 லைசென்ஸ், 250 சி.சி. வரைக்கும்தான். பெரிய மோட்டார் வாடகைக்கு விடுபவர்கள் முழு பி பிரிவைக் கேட்பார்கள், சிலர் அது கையில் வந்து எத்தனை ஆண்டாகிறது என்றும் கேட்பார்கள். அந்தப் பயிற்சிக்கு ஈப்போவில் பெயர் கொடுக்க வேண்டியது, ஆல்ப்ஸ் பயணத்துக்கு இரண்டு தீபாவளி முன்னால்.